ஒரே உலையில் குழந்தைக்கும் ஒரு பங்கு
ஒன்று முதல் மூன்று வயதுவரையிலான குழந்தைகளுக்கு அன்றாடச் சரிவிகித உணவு

“போன மாதம்வரை நன்றாகச் சாப்பிட்ட பிள்ளை, இப்போது இரண்டு வாய்க்கு மேல் வாங்குவதே இல்லை.” குழந்தைகள் நலப் புறநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. இவற்றைத் தொடர்ந்து இன்னொரு வாக்கியமும் வரும்: “பாலாவது குடிக்கட்டும் என்று கொடுத்துவிடுகிறோம்.” இவ்வாறு நாள்தோறும் சோற்றின் இடத்தைப் பால் பிடித்துக்கொள்ளும் வீடுகளில், பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும் குழந்தைக்கும் இரத்தசோகை வந்துவிடுவதைக் காண்கிறோம்.

ஒரு வயதுக்குப் பிறகு பசி குறைவது நோயன்று. பிறந்தபோது மூன்று கிலோ இருந்த குழந்தை, முதலாண்டு முடிவில் ஒன்பது கிலோவை எட்டுகிறது. அதாவது பன்னிரண்டு மாதங்களில் ஆறு கிலோ கூடுகிறது. இரண்டாம் ஆண்டு முழுவதிலும் கூடுவது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ மட்டுமே. வளர்ச்சியின் வேகம் தணியும்போது பசியும் தணிகிறது. நடக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு உலகம் விரிந்துவிடுவதால், தட்டின் முன் உட்காரும் பொறுமையும் குறைகிறது. எனவே, குறைவாக உண்ணும் அந்தச் சில வாய்களில் என்ன இருக்கிறது என்பதே பெற்றோர் கவனிக்க வேண்டியது.

பாலின் கணக்கு

ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1000 கலோரி ஆற்றலும், 8 மில்லிகிராம் இரும்புச்சத்தும், 500 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்தும் தேவைப்படுகின்றன. ஒரு லிட்டர் பால் குடிக்கும் குழந்தைக்கு அதிலிருந்தே 600 கலோரி அளவுக்கு ஆற்றல் கிடைத்துவிடுகிறது. ஆனால், அந்த ஒரு லிட்டரில் உள்ள இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம்கூட இல்லை. பாதிக்கு மேல் வயிறு நிறைந்துவிட்டது. இரும்புத் தேவையிலோ எட்டில் ஒரு பங்குகூட நிறைவேறவில்லை. மேலும், பாலில் உள்ள சுண்ணாம்புச்சத்து, பிற உணவிலிருந்து இரும்பை உடல் ஏற்றுக்கொள்வதையும் ஓரளவு தடுக்கிறது. அதிகப் பால் மலச்சிக்கலை உண்டாக்கலாம். மலச்சிக்கல் பசியை மேலும் குறைக்கும். பசியில்லாத குழந்தைக்கு மீண்டும் பாலே கொடுக்கப்படும்.

இரும்புச்சத்து இரத்தத்திற்கு மட்டும் தேவையானதன்று. முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் மூளை மிக விரைவாக வளர்கிறது. அப்போது இரும்புச்சத்து நெடுநாள் குறைந்திருந்தால் கவனம், கற்றல், பேச்சு ஆகியவை பின்தங்கக்கூடும். 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இது வறுமையுள்ள வீடுகளில் மட்டும் காணப்படும் குறையன்று.

பாலை விலக்க வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. நாளொன்றுக்குத் தயிரையும் சேர்த்து 400 முதல் 500 மில்லிவரை போதும். சுண்ணாம்புச்சத்தின் தேவை பெருமளவு அதிலேயே நிறைவேறிவிடும். பாலைப் புட்டியில் ஊற்றாமல் சிறு தம்ளரில் கொடுங்கள். அளவு தானாகவே குறையும். உணவு வேளைக்கு முந்திய இரண்டு மணி நேரத்தில் பால் வேண்டாம். தாய்ப்பாலை இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தொடரலாம். பகலில் உணவு முதலில், தாய்ப்பால் பிறகு என்ற வரிசை இருந்தால் போதும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொழுப்பு நீக்கிய பால் கொடுக்கக் கூடாது.

தட்டில் எத்தனை வகை?

உணவு சரிவிகிதமாக இருக்கிறதா என்பதை அறிய நிறுவையோ அட்டவணையோ தேவையில்லை. ஆறு மாதம் முதல் இரண்டு வயதுவரையிலான குழந்தைகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் எட்டு உணவு வகைகளைக் கூறுகிறது: தாய்ப்பால், தானியமும் கிழங்கும், பருப்பு, பயறு, கடலை வகைகள், பால், தயிர், மீனும் இறைச்சியும், முட்டை, கீரை, பரங்கிக்காய், மாம்பழம், பப்பாளி போன்ற வைட்டமின் ஏ நிறைந்தவை, பிற காய்களும் பழங்களும். இவற்றில் ஒரு நாளைக்கு ஐந்தாவது குழந்தையின் வயிற்றுக்குள் போக வேண்டும். இரண்டு வயதைக் கடந்த பிள்ளைக்கும் இதே கணக்கை வைத்துக்கொள்ளலாம்.

இப்போது இரண்டு தட்டுகளை ஒப்பிடுவோம். காலையில் பாலும் பிஸ்கட்டும், நண்பகலில் ரசஞ்சோறு, மாலையில் பாலும் ரஸ்க்கும், இரவில் பால்சோறு உண்ட குழந்தைக்கு நான்கு வேளையும் உணவு கிடைத்தது. ஆனால் வகைகள் தானியம், பால் என்ற இரண்டே. ரசத்தின் தெளிவிலும் பருப்பு வேகவைத்த தண்ணீரிலும் சுவை உண்டு, சத்து மிகக் குறைவு. மற்றொரு குழந்தை நண்பகலில் சோற்றுடன் கெட்டியான பருப்பும் முருங்கைக்கீரையும், பிறகு ஒரு கரண்டித் தயிரும், மாலையில் பாதி வாழைப்பழமும் உண்கிறது. அதற்குள் ஐந்து வகைகள் சேர்ந்துவிட்டன. ஒரு முட்டை கொடுத்தால் ஆறு. இதற்கென எவரும் தனியே சமைக்கவில்லை.

நாங்கள் வலியுறுத்த விரும்புவது இதையே. குழந்தைக்குத் தனிச் சமையல் தேவையில்லை. வீட்டில் வேகும் உணவிலிருந்து, மிளகாயும் புளியும் உப்பும் சேர்வதற்கு முன் அதன் பங்கை எடுத்துவைத்து, அதனுடன் சத்துள்ள பொருள் ஒன்றைச் சேர்த்தால் போதும்.

வீட்டுச் சமையலிலிருந்து எடுப்பது எப்படி?

இட்லி, தோசை சமைக்கும் நாள்: அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லி நல்ல தொடக்கம். அதைச் சர்க்கரையில் தொட்டுக் கொடுக்காமல், மிளகாய் சேர்க்காத நிலக்கடலைச் சட்னியுடன் கொடுங்கள். எள்ளும் உளுந்தும் பொட்டுக்கடலையும் வறுத்து நைசாக அரைத்த காரமில்லாப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்தும் தடவலாம். தோசை மாவில் துருவிய கேரட்டையோ பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரையையோ கலந்து சிறு ஊத்தப்பமாக ஊற்றினால், பிள்ளை தானே பிய்த்து உண்ணும். பல பருப்புகள் சேர்ந்த அடையை மெல்லியதாகவும் மென்மையாகவும் வார்க்கலாம்.

பொங்கல், உப்புமா சமைக்கும் நாள்: வெண்பொங்கலில் பாசிப்பருப்பின் அளவைச் சற்றே கூட்டுங்கள். குழந்தையின் பங்கை முழு மிளகு சேர்ப்பதற்கு முன் எடுத்து, ஒரு தேக்கரண்டி நெய் விடுங்கள். உப்புமாவில் தனியே பருப்பு இல்லாததால், கேரட், பீன்ஸ், மசித்த பட்டாணி ஆகியவற்றைச் சேர்த்துக் கிளறலாம். அல்லது பக்கத்தில் ஒரு வேகவைத்த முட்டையை வைக்கலாம்.

சாம்பார் சமைக்கும் நாள்: வெந்த பருப்பையும் காயையும் புளிக்கரைசலுக்கும் சாம்பார்ப் பொடிக்கும் முன்னரே இரண்டு கரண்டி எடுத்துவையுங்கள். குழைந்த சோற்றில் அதைப் பிசைந்து, நெய் விட்டு, சில துளி எலுமிச்சைச் சாறு சேர்க்க வேண்டும். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. வைட்டமின் சி உடனிருந்தால் கூடுதலாக ஏற்கும். எலுமிச்சை, தக்காளி, கொய்யா, நெல்லிக்காய் எதுவாயினும் சரி. சைவ உணவு உண்ணும் வீடுகளில் இது ஒரு நாளும் விடக்கூடாத பழக்கம்.

கீரை சமைக்கும் நாள்: கடைந்த கீரையைத் தாளிக்கும் முன் எடுத்துச் சோற்றுடன் பிசையலாம். பாசிப்பருப்புடன் சேர்த்துக் கூட்டாக வைத்தால் இன்னும் நன்று. அரைக்கீரை, சிறுகீரை, முருங்கைக்கீரை ஆகிய எதுவும் ஏற்றதே. மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

புளிக்குழம்பு, வற்றல் குழம்பு சமைக்கும் நாள்: இதில் குழந்தைக்கென எடுக்க ஏதுமில்லை. வெறும் தயிர்சோற்றோடு முடித்துவிடத் தோன்றும் நாளும் இதுதான். ஒரு முட்டையை வேகவைத்து மசித்துச் சோற்றில் நெய்யுடன் பிசையுங்கள். முட்டை உண்ணாத வீடெனில், ஊறவைத்து நன்கு வேகவைத்த கொண்டைக்கடலை அல்லது பாசிப்பயற்றை மசித்துச் சேர்க்கலாம். பரங்கிக்காயையோ உருளைக்கிழங்கையோ ஆவியில் வேகவைத்து உடன் கொடுக்கலாம்.

மீன், கறி சமைக்கும் நாள்: குழம்பில் வெந்த மீனின் உட்சதையை எடுத்து, விரல்களால் நசுக்கிப் பார்த்து, முள் ஒன்றும் இல்லை என்று உறுதி செய்த பிறகே ஊட்டுங்கள். கோழிக்கறி, ஆட்டுக்கறி என்றால் மஞ்சளும் சிறிது சீரகமும் இட்டுக் குழைய வேகவைத்த துண்டொன்றை நார்நாராகப் பிய்த்து நறுக்கிச் சோற்றில் கலக்க வேண்டும். கறி வேகவைத்த சாற்றை மட்டும் கொடுத்துச் சதையைப் பெரியவர்கள் உண்பது பல வீடுகளில் வழக்கம். சத்தின் பெரும்பகுதி சதையிலேயே தங்கிவிடுகிறது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பு உடலில் எளிதாகச் சேரும் என்பதால், இரண்டு கரண்டி அளவே பெரும்பயன் தரும்.

இடைவேளைகளில்: முற்பகலிலும் மாலையிலும் ஒவ்வொரு சிறு உணவு தேவை. மசித்த வாழைப்பழம், விதை நீக்கிய பழுத்த கொய்யா, பப்பாளித் துண்டுகள், வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கேழ்வரகுக் கூழ், மசித்த சுண்டல் ஆகியவை ஏற்றவை. கேழ்வரகின் 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கும் மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. பால் ஒவ்வாத பிள்ளைகளுக்கு அது நல்ல துணை. அங்கன்வாடியில் கிடைக்கும் சத்துமாவையும் பயன்படுத்துங்கள். அதில் வெல்லம் சேர்ந்திருப்பதால் மேலும் இனிப்பு வேண்டாம்.

எவ்வளவு கொடுப்பது?

ஒரு வயதைக் கடந்த குழந்தைக்கு ஒரு வேளைக்கு 250 மில்லி கொள்ளும் கிண்ணத்தில் முக்கால் அளவு முதல் முழு அளவுவரை என்பது பொதுவான வழிகாட்டல். அது சராசரியே, ஒவ்வொரு வேளையும் எட்ட வேண்டிய இலக்கன்று. நண்பகலில் நான்கு வாயோடு எழுந்துவிட்ட பிள்ளை இரவில் கிண்ணத்தைக் காலி செய்யக்கூடும். ஒரு வேளையை வைத்து அஞ்சாமல், ஒரு வாரத்தை வைத்துப் பாருங்கள்.

அமெரிக்க உணவியல் வல்லுநர் எலின் சாட்டர் கூறிய பொறுப்புப் பங்கீடு இதற்குப் பெரிதும் உதவும். என்ன உணவு, எப்போது, எங்கே என்பவற்றைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். உண்பதா, எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும். மூக்கைப் பிடித்து வாயில் திணிப்பதும், பூச்சாண்டி வருகிறான் என்று அச்சுறுத்துவதும், கைப்பேசியைக் காட்டி அது அறியாமல் ஊட்டுவதும் அன்றைய கிண்ணத்தைக் காலி செய்யலாம். ஆனால், பசியையும் நிறைவையும் உணரும் இயல்பு அதனால் மங்குகிறது. உணவு வேளையே அச்சமாகிவிடுகிறது. அரை மணி நேரத்திற்கு மேல் உணவு வேளை நீள வேண்டாம். வீட்டார் உண்ணும்போது பிள்ளைக்கும் ஒரு தட்டு போடுங்கள். சிந்தட்டும், தன் கையால் எடுத்து உண்ணக் கற்கும் வழி அதுவே.

புதிய உணவை ஒரு முறை துப்பிவிட்டால் அது பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஓர் உணவை ஏற்கும் முன் எட்டு முதல் பதினைந்து முறைவரை அதைப் பார்க்கவும் சுவைக்கவும் பல குழந்தைகளுக்குத் தேவைப்படுகிறது. பழகிய உணவின் அருகில் புதியதை ஒரு சிட்டிகை அளவு வைத்து, வற்புறுத்தாமல் விட்டுவிடுங்கள். மூன்று நாள் கழித்து மீண்டும் வையுங்கள்.

விலக்க வேண்டியவை

மூச்சுக்குழாயில் சிக்கும் உணவே இவ்வயதின் பேராபத்து. முழு நிலக்கடலை, முந்திரி, பொட்டுக்கடலை, சோளப்பொரி, கெட்டியான மிட்டாய், பச்சைக் கேரட் துண்டு, கொட்டையுள்ள பழங்கள் ஆகியவற்றை இவ்வயதில் கொடுக்கக் கூடாது. முழுக் கடலை வகைகளை ஐந்து வயதுவரை விலக்குவது நல்லது. கடலைகளை நைசாகப் பொடித்தோ அரைத்தோ கொடுக்கலாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்க வேண்டும். ஓடும்போதும், படுத்திருக்கும்போதும், அழும்போதும் ஊட்டாதீர்கள்.

தேநீரும் காப்பியும் குழந்தைக்கு வேண்டாம்; பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக் கொடுப்பதும் வேண்டாம். தேநீர் இரும்பு சேர்வதைத் தடுக்கும். இரண்டு வயதுவரை சர்க்கரையைத் தனியே சேர்க்காதீர்கள். கருப்பட்டியும் வெல்லமும் சர்க்கரையே. இரும்புத் தேவையை நிறைக்கும் அளவுக்கு அவற்றைக் கொடுப்பதும் இயலாது. பாலில் கலக்கும் சத்துப்பானப் பொடிகள் பலவற்றில் இனிப்பு மிகுதி. அந்தப் பணத்திற்கு முட்டையும் பயறும் வாங்கினால் பிள்ளைக்குக் கூடுதல் பயன். அப்பளம், ஊறுகாய், கருவாடு, பொட்டலச் சிப்ஸ் ஆகியவற்றில் உப்பு அதிகம்.

காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தால்

நோயுற்ற குழந்தையைப் பட்டினி போடக் கூடாது. காய்ச்சலின்போது பசி குறைந்தால், சிறு அளவில் அடிக்கடி கொடுங்கள்: குழைந்த பருப்புச்சோறு, இட்லி, தயிர்சோறு, மசித்த வாழைப்பழம். வயிற்றுப்போக்கு எனில் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தையும், மருத்துவர் அறிவுரைப்படி 14 நாள்களுக்குத் துத்தநாக மருந்தையும் கொடுங்கள். உணவும் தாய்ப்பாலும் தொடரட்டும். நோய் நீங்கிய பிறகு இரண்டு வாரங்களுக்கு நாள்தோறும் ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்தால், இழந்த எடை திரும்பும்.

உணவோடு சில மருந்துகளும் இவ்வயதில் முறையாகச் சேர வேண்டும். வாரம் இருமுறை இரும்புச்சத்து மருந்து, ஆறு மாதத்திற்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம், ஒரு வயது முதல் ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்க மருந்து ஆகியவை அரசுத் திட்டங்களின்கீழ் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் பகுதி அங்கன்வாடியிலோ கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ கேளுங்கள்.

எப்போது மருத்துவரிடம் வர வேண்டும்?

உள்ளங்கையும் கண்ணிமையின் உட்புறமும் வெளுத்திருத்தல். மண், சுண்ணாம்பு, சாம்பல் போன்றவற்றைத் தின்னுதல். விளையாட்டில் ஆர்வமின்றிச் சோர்ந்திருத்தல். இரண்டு, மூன்று மாதங்களாக எடை கூடாமை அல்லது எடை குறைதல். ஒவ்வொரு வாய்க்கும் புரையேறுதல். இரண்டு வயதை நெருங்கியும் மசித்த உணவைத் தவிர வேறெதையும் மெல்ல இயலாமை. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். இரத்தசோகையை எளிய இரத்தப் பரிசோதனையால் அறியலாம், மருந்தால் குணப்படுத்தலாம். இரத்தசோகை வந்த பிறகு உணவு மாற்றம் மட்டும் போதாது. மருந்தை மருத்துவர் சொன்ன காலம் முழுவதும் கொடுக்க வேண்டும். நிறம் திரும்பிவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது.

வரும்போது தாய்சேய் நல அட்டையைத் தவறாமல் கொண்டு வாருங்கள். அதிலுள்ள எடை வரைபடம் எங்களுக்குப் பல செய்திகளைக் கூறும். முந்தைய இரண்டு நாள்களில் குழந்தை என்னென்ன உண்டது, எத்தனை தம்ளர் பால் குடித்தது என்பதை ஒரு தாளில் எழுதி வாருங்கள். பகலில் பாட்டியோ வேறொருவரோ பார்த்துக்கொள்கிறார் எனில், இயன்றால் அவரையும் அழைத்து வாருங்கள். குழந்தைக்கு ஊட்டும் கைகள் அனைத்தும் ஒரே முறையைப் பின்பற்றும்போது மாற்றம் விரைவில் தெரியும்.

இன்றே தொடங்க விரும்புவோருக்கு இரண்டு செயல்கள் போதும். மாலைப் பாலில் ஒரு தம்ளரைக் குறையுங்கள். நாளைச் சமையலில் புளி கரைக்கும் முன் பருப்பில் இரண்டு கரண்டி எடுத்துவையுங்கள்.